எட்டுப் பேர், எட்டுப் பாலங்கள்

பல்கலைக்கழகத்தில் அவரைப் பெல் மேடம் என்றார்கள். உதவித்தொகைப் பிரிவில் அதிகாரி. வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், உதவித்தொகையில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களுக்குக் குழுப் பயிற்சி நடத்துவார். கையில் ஒரு பித்தளை மணி இருக்கும். இந்த ஆண்டு அந்த வாரத்தை வேறொருவர் நடத்தினார். பெல் மேடம் கோடையில் இறந்துபோனார்.

எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் நகர மாட்டார். மின்விசிறி சத்தம் போட்டால் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், வேலையைவிடப் பதில் சொல்லத்தான் அதிக நேரம் ஆனது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், மருந்து ஏற்றும் கருவி ஏன் கூவுகிறது என்று நர்ஸைக் கேட்டார். நர்ஸ், பக்கத்தில் நின்ற அவருடைய மகளைக் கை காட்டினார். அப்படிப்பட்ட கருவிகளை வடிவமைப்பதுதான் மகளின் வேலை. மகள் விளக்கினாள். "அப்போ காத்துக்குமிழி வந்தாலும் கூவுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

அந்தப் பயிற்சி வாரமும் ஒரு கேள்வியில்தான் பிறந்தது. உதவித்தொகையில் வந்தவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டுப் போனார்கள். மதிப்பெண் குறைந்ததால் அல்ல. பின் ஏன்? போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். எல்லாரும் அவரவர் பள்ளியில் முதல் மாணவர்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர்கள். இங்கே கால் தடுக்கியபோதும் கேட்கவில்லை.

பயிற்சியில் குழுவுக்கு எட்டுப் பேர். அதில் ஒருவர் தலைவர். மணி அடித்தால் தலைமை வலப்பக்கம் இருப்பவருக்குப் போய்விடும். எப்போது அடிப்பார் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வேலை சொதப்பும்போது அடித்தால் புரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அடித்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் மகளும் அங்கேதான் சேர்ந்தாள், உதவித்தொகையில். மகள் இருக்கும் குழுவுக்கு வேறு அதிகாரியைப் போடுங்கள் என்று பெல் மேடம் கேட்டுப் பார்த்தார். யாரும் முன்வரவில்லை. அதனால் வளாகத்துக்குள் அம்மாவை "மேடம்" என்றே கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவானது.

முதல் நாளே குழுவில் இருந்த நெட்டை அவளிடம் கேட்டான். "வீட்லயும் மணியடிச்சுத்தான் சாப்பாடு போடுவாங்களா?"

"ஆமா. அடிச்சா தட்டு பக்கத்து ஆளுக்குப் போயிடும்."

வார இறுதியில் பெரிய வேலை. இரண்டு மேசைகளுக்கு நடுவே அட்டையில் ஒரு பாலம் கட்ட வேண்டும். ஒரு செங்கல்லைத் தாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பகுதியை அவரவர் இடத்தில் செய்து, வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்து இணைக்க வேண்டும். பயிற்சியை முடித்ததாகக் கையெழுத்து விழுந்தால்தான் உதவித்தொகை தொடங்கும். அது இல்லாமல் படிக்கும் வசதி எட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லை. மகளுக்கும்தான். அம்மாவின் சம்பளத்தில் இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேசைமேல் எட்டு முழுப் பாலங்கள் இருந்தன.

யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் சொதப்பிவிட்டால் என்ன செய்வது என்று எட்டுப் பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். வாசலில் இருந்த ஸ்டேஷனரி கடையில் அட்டை தீர்ந்தே போயிருந்தது.

பெல் மேடம் திட்டவில்லை. தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு பாலத்தையும் அடியிலிருந்து பார்த்தார். செங்கல்லை வைத்து எடுத்தார். எட்டும் தாங்கின.

"அப்போ பாஸ்தானே மேடம்?" என்றான் நெட்டை.

"நான் ஒரு பாலம்தானேப்பா கேட்டேன்?"

கையெழுத்து விழவில்லை. மறுநாள் ஒரே ஒரு வாய்ப்பு. புது அட்டை கிடையாது. இருக்கிற எட்டையும் வெட்டி, எல்லாருடைய பாலத்திலிருந்தும் ஒரு துண்டாவது இருக்கும்படி ஒன்று கட்ட வேண்டும். அதுவும் தவறினால் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வெடித்தாள்.

"எட்டுமே தாங்கிச்சும்மா!"

"பார்த்தேனே. உன்னோடது அழகா இருந்துச்சு. அந்த மூணாவது மடிப்பு எதுக்கு?"

"சொல்ல மாட்டேன். வேற யாரா இருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பாங்க."

"போட்டிருப்பாங்கதான்." அம்மா மறுக்கவில்லை. "அந்த மடிப்பு இல்லன்னா வளைஞ்சிருக்குமோ?"

மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது. தன் பாலத்தில் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"முதல்ல உன்னோடதை வெட்டு," என்றான் நெட்டை, மகளிடம்.

"ஏன், உன்னோடது என்ன கோபுரமா?"

"உயரத்துக்குக் கோபுரம்தான்."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எப்போதும் பேசாத ஒரு பெண் கத்தரியை எடுத்துத் தன் பாலத்தை நடுவில் வெட்டி வைத்தாள். அதற்கப்புறம் கத்தரி கைமாறியது.

தலைமை சுற்றிவந்து மகளிடம் நின்றது. அவளுக்குக் கணக்கு வரும். எந்தத் துண்டு எங்கே, எந்த மடிப்பு மேலே என்று மளமளவென்று சொன்னாள். எல்லாம் கச்சிதமாகப் போனது. அப்போது மணி அடித்தது.

சொந்த அம்மாவா இப்படிச் செய்வது! கோபத்தோடு தலையைத் தூக்கினாள். ஏழு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மேசையில் இருந்த பாலத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கைகளெல்லாம் அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தன.

எல்லாரும் ஒரே முகத்தைப் பார்க்கும்போதுதான் மணி அடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வாரம் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது தலைவி, அந்தப் பேசாத பெண்.

அவள் உத்தரவு எதுவும் போடவில்லை. "இது ரெண்டும் சேர மாட்டேங்குதே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். எட்டுத் தலைகளும் குனிந்தன. துண்டுக்குத் துண்டு அகலம் வேறு, ஒட்டினால் பிய்ந்துகொண்டது. ஒருவர் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒருவர் ஊக்கு கேட்டார். எங்கிருந்தோ ஊக்கு வந்தது. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, ஊக்கில் கயிற்றை மாட்டி எல்லா மடிப்புகளுக்குள்ளும் ஓட்டி, இரண்டு முனையையும் மேசைக்காலில் இழுத்துக் கட்டினார்கள்.

பார்க்கச் சகிக்கவில்லை. ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. செங்கல்லை வைத்தபோது நடுவில் தொய்ந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். தொய்ந்தது, நின்றது. பெல் மேடம் குனிந்து அடியில் பார்த்தார், கயிற்றைச் சுண்டிப் பார்த்தார், செங்கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகுதான் பேனாவைத் தேடினார். நெட்டை தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். எட்டுக் கையெழுத்துகள். மகளுடையதையும் மற்றவர்களுடையதைப் போலவே, நிமிர்ந்து பார்க்காமல் போட்டார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மேடம் மறுபடி அம்மாவானார்.

"அந்த நாடா கோக்கிற யோசனை யாரோடதுடி?"

மகள் வாயைத் திறந்தாள். நெட்டையா? இல்லை, அவன் ஊக்கு கேட்டவன். அந்தப் பேசாத பெண்ணா? அவள் ஊக்கு கொடுத்தவள். விரலை விட்டுப் பார்த்தது யார்? தானேதானோ? கயிறு என்று முதலில் சொன்னது? திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு முகம் வந்தது.

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து இரண்டு முறை டிக்கெட் கேட்டார். மகள்தான் எடுத்தாள்.