சரியாக வந்த பாண்

இங்கிலாந்துக்குப் படிக்க வந்த இரண்டாம் கிழமையே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: இந்த நாட்டுக்காரருக்குப் பாண் என்றால் என்னவென்று தெரியாது. பிரெட் என்று பெயர் போட்டுச் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். அமத்தினால் தலையணை மாதிரி உள்ளே போய்த் திரும்பி வருகிறது. வாயில் வைத்தால் இனிப்பு. பருப்புக்கறியில் தோய்த்தால் கறியோடு கறியாகிவிடுகிறது.

நான் கிளிநொச்சிப் பிள்ளை. டியூசன் முடிய வெதுப்பக வாசலில் நின்று ரோஸ் பாண் சூட்டோடு வாங்கி, வீடு போய்ச் சேர முதல் பாதியைப் பிய்த்துத் தின்று, அம்மாவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவன். மேலே கருகும் எல்லைக்குப் போய் நிற்கிற மொறுமொறுப்பு வேண்டும். உள்ளே நூல் நூலாகப் பிரிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் நானே போடுகிறேன், இதென்ன பெரிய ரொக்கெட் சயன்ஸா என்று வீட்டில் சவால் விட்டேன்.

வீட்டில் என்னோடு இருந்தவர் ஒருவர்தான். கொக்கிளாய்க்காரர், நாற்பத்தைந்து வயது. சொந்தமில்லை, ஆனாலும் அண்ணை. அகதி வழக்கு வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. முடியும்வரை ஊருக்குப் போக முடியாது. ஒரு பெரிய களஞ்சியத்தில் இரவு வேலை. அங்கே உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் போனைத் தன் அறையில் சத்தத்தை நிறுத்தி, சார்ஜில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போவார். விடிய வந்து கதவைத் திறந்தவுடன் முதல் வேலை அம்மாவுக்கு வீடியோ கோல். நான் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த அம்மாவின் நெற்றியும் அரைக் கண்ணும் மட்டும் திரையில் தெரியும். போனை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

என் முதல் பாணை அண்ணை மேசையில் தட்டிப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய் ஆனையிறவில போடடா. கடல் உள்ள வராது" என்றார். இரண்டாவது பாண் புளித்துப்போனது. மூன்றாவதின்போது புகை அலாரம் அடித்துப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். குளிருக்கு மா பொங்குவதில்லை என்று கண்டுபிடித்து, சுடுதண்ணீர் பொயிலர் இருக்கிற அலுமாரிக்குள், அண்ணையின் துவாய்களுக்கு நடுவில் சட்டியை வைத்தேன். அவருடைய துவாய் எல்லாம் ஈஸ்ட் மணம். வேலைத்தலத்தில் பியர் குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்கிறார்களாம். நான் அசரவில்லை. வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. வியாழக்கிழமைதோறும் பாண்.

ஆறாவது வியாழன் விடிய நாலரைக்கு எழும்பி மா குழைத்தேன். பொங்கின மாவை உருட்டிக்கொண்டிருக்க, ஆறேகாலுக்குப் போன் அடித்தது. இலங்கை நம்பர்.

அண்ணையின் தங்கச்சி. என் நம்பரை யார் யாரிடமோ கேட்டு அப்போதுதான் எடுத்திருக்கிறார். அம்மா விடியப்புறம் போய்விட்டார். அண்ணையின் போனுக்கு அடித்து அடித்துக் களைத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஊரில்தான். வெளியில் இருந்து வருவதற்கு ஆள் இல்லாதபடியால் அன்றைக்கே பிரேதம் எடுக்கிறார்கள். அவர் அழவில்லை. அழுது முடித்த குரல்.

"தம்பி, ஒரு மணிக்கு எடுக்கினம். அதுக்கு முன்னம் அண்ணாவுக்கு வீடியோவில முகம் காட்டோணும். ஆனா வந்த உடன சொல்லிப்போடாதேங்கோ. சீனி வருத்தக்காரன், இரவு முழுக்க வேலை செய்திட்டு வாறார். கேட்டால் பிறகு பச்சைத் தண்ணியும் வாயில வைக்கமாட்டார். ஏதும் சாப்பிட வச்சிட்டுச் சொல்லுங்கோ."

ஓமக்கா என்றேன். இது நான் பிறந்ததில் இருந்து பார்த்த விசயம். எங்கள் ஆட்கள் சாவை வெறுவயிற்றில் சொல்லமாட்டார்கள். ஊரில் ஒரு மணி என்றால் எங்களுக்கு எட்டரை. அண்ணை ஏழரைக்கு வருவார். ஒரு மணித்தியாலம் இருக்கிறது. பத்து நிமிடம் சாப்பாடு, மிச்சம் முழுக்க அம்மா. கணக்கு நல்ல கணக்கு.

கையெல்லாம் மா. பிறகு, வேறென்ன செய்வது, பாணைப் போறணைக்குள் வைத்தேன். அண்ணைக்குச் சாப்பாடு வேண்டும்தானே. தேங்காய்ப்பூவைக் குளிர்ப்பெட்டியால் எடுத்து, செத்தல் மிளகாய் போட்டுச் சம்பல் இடித்தேன். இதுவரைக்கும் என்னில் ஒரு பிழையும் இல்லை. இதை நான் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதுவரைக்கும் இல்லை.

ஏழரைக்குப் பாண் வெளியே வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பாண். மேலே கருஞ்சிவப்பு. தட்டினால் வெறும் பெட்டி மாதிரிச் சத்தம். ஓரத்தில் பிய்த்துப் பார்த்தேன், நூல் நூலாக வந்தது. ஐந்து வியாழக்கிழமைப் பகிடியும் எனக்குக் கண்முன் வந்தது. திறப்புச் சத்தம் கேட்டது. அண்ணை உள்ளே வந்து, மூக்கை உயர்த்தி, "டேய், கள்ளன், எங்க வாங்கினனீ?" என்றார்.

அவர் ஜக்கெட்டைக் கழற்றிக்கொண்டு வழக்கம்போல அறைப் பக்கம் திரும்பினார். அந்த அறைக்குள் போன் இருக்கிறது.

"அண்ணை, கையைக் கழுவிப்போட்டு இதிலயே இருங்கோ. அறைக்குப் போனால் ஆறிடும்" என்றேன்.

இருந்தார். முதல் துண்டைச் சம்பலோடு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டாவது துண்டு. ஏழு ஐம்பதுக்கு அவருக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னார், எங்கட ஊர் வெதுப்பகக்காரன் உன்னட்ட வந்து பழகோணும் என்று. நான் இன்னொரு துண்டு வைத்தேன். பொயிலர் அலுமாரியில் எத்தனை மணித்தியாலம் வைத்தேன், தட்டை எப்படி முதலிலேயே சூடாக்கினேன் என்று முழுக் கதையும் சொன்னேன். புள்ளி போடச் சொன்னேன். பத்துக்கு எட்டு என்றார். மிச்சம் இரண்டு எங்கே என்று சண்டை பிடித்தேன். இத்தனைக்கும் மணிக்கூடு எனக்கு நேர் எதிரே. எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் ஒரு மணி என்றால் ரெண்டரை என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐயர் பிந்துவார், பறையடிக்கிறவர்கள் பிந்துவார்கள், யாராவது ஒரு மாமன் முல்லைத்தீவில் இருந்து வந்துகொண்டிருப்பார். நேரம் இருக்கு, நேரம் இருக்கு.

பிறகு போனை எடுத்து வீடியோ பிடித்தேன். பெடியளுக்கு அனுப்பிப் பந்தா காட்ட. அண்ணை பாணைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டி, நடுவால் பிளந்தார். ஆவி பறக்கவில்லை, அவ்வளவு நேரம் போயிருந்தது. சிரித்துக்கொண்டு சொன்னார்: "இதை அம்மாவுக்கு அனுப்படா. மகன் நல்லாச் சாப்பிடுறான் எண்டு மனிசி பாக்கட்டும்."

வீடியோவில் நேரம் எட்டுப் பன்னிரண்டு.

அதற்குப் பிறகும் எட்டு நிமிடம் நான் சொல்லவில்லை. பயம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எட்டு இருபதுக்குத்தான், அண்ணை, உங்கட தங்கச்சி போன் எடுத்தவா என்றேன். மிச்சத்தை அவர் என் முகத்தில் வாசித்துவிட்டார். கதிரை பின்னால் விழுந்தது.

அவர் அடித்த மூன்றாவது அழைப்பைத் தங்கச்சி எடுத்தார். அன்றைக்கு வியாழன். ஒன்றரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. வியாழக்கிழமை வியாழக்கிழமையாகப் பாண் போட்ட எனக்கு அது மட்டும் மண்டையில் தட்டவில்லை. ராகுகாலத்துக்கு முதல் சுடலைக்குப் போய்ச் சேர வேண்டும், மழையும் இருட்டிக்கொண்டு வந்தது என்று பன்னிரண்டே முக்காலுக்கே தூக்கிவிட்டார்கள். எங்களுடைய நேரம் எட்டேகால். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிட வேண்டும். போன் தங்கச்சியின் கையில். போன ஆம்பிளைகளுக்கு மாறி மாறி அடித்தார், பறைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் தங்கச்சி என்ன செய்வதென்று தெரியாமல் கமராவை உள்ளே திருப்பினார். வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். சீமெந்து நிலத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எப்ப அடிச்சவா என்று மட்டும் பிறகு ஒருக்கால் கேட்டார். நீங்கள் வரக் கொஞ்சம் முன்னம் என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

"நீ என்னடா செய்வாய்" என்றார். "சாப்பிட வச்சிட்டுத்தானே சொல்லச் சொன்னவை."

அதோடு நான் பாண் போடுவதை விட்டுவிட்டேன். அண்ணை இரண்டு மூன்று தரம் கேட்டார். போறணை பழுது என்றேன். அதே போறணையில் பீட்சா சூடாக்கித் தின்றேன்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அண்ணை தங்கச்சிக்கு ஒரு பை தந்துவிட்டார். உடுப்பு, சொக்லேட், வலிக்குப் பூசுகிற மருந்து. கிளிநொச்சியில் இருந்து மோட்டச்சைக்கிளில் கொக்கிளாய் போனேன். வழி முழுக்க ஒத்திகை. அண்ணையின் தங்கச்சி, எனக்கு அக்கா, தேத்தண்ணீர் தந்து, கதிரையைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டார். சுவரில் அந்த அம்மாவின் படம். நெற்றி, இரண்டு கண், மூக்கு, வாய். முழு முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா என்னைத் தெய்வமாக்கத் தொடங்கினார். நீங்கள் சாப்பிட வைத்துச் சொன்னதால்தான் அண்ணா அன்றைக்கு விழவில்லை, உங்களைப் பெத்தவா புண்ணியம் செய்தவா என்று. என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நேரத்தைப் பாருங்கோ அக்கா என்றேன். எனக்கு நேரம் இருந்தது, நான் பாணுக்காக இருந்திட்டன் என்றேன். அதை எத்தனையோ விதமாகச் சொல்ல யோசித்திருந்தேன். வந்தது அவ்வளவுதான்.

அவர் இரண்டு தரம் பார்த்தார். அம்மாவுக்கு அனுப்படா என்ற இடத்தில் இரண்டாம் தரம் நிறுத்தினார். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். ஏசப் போகிறார் என்று இருந்தேன். ஏசினால் நல்லது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"இதை அண்ணாவுக்குச் சொன்னனீங்களோ?"

இல்லை என்றேன். போனவுடன் சொல்லத்தான் போறன் என்றேன்.

"சொல்லாதேங்கோ" என்றார். தம்பி என்ற சொல் இல்லை. "அவருக்கு அண்டைக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். தனிய நிக்கேல்லை, ஒருத்தன் பசி பாத்துத் தந்திட்டுச் சொன்னவன் எண்டு. கதைக்கிற நேரமெல்லாம் அதைத்தான் சொல்லுறார். உங்களுக்குப் பாரம் இறங்கோணும் எண்டு அதைப் பறிக்காதேங்கோ."

பிறகு வீடியோவைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அவருக்கு முன்னாலேயே அனுப்பினேன். என் போனில் உள்ளதை அழிக்கட்டோ என்று கேட்டேன். அது உங்கட விருப்பம் என்றார். அழிக்கவில்லை.

நேற்று அண்ணை போன் எடுத்தார். எப்போது பிளேன், தங்கச்சி சுகமாக இருக்கிறாளோ, என்ன கதைத்தாள் என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் கதைத்தவா என்றேன். சந்தோசப்பட்டார். நான் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகிற கிழமையில் அவருடைய அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிறதாம். வீட்டுக்காரரோடு கதைத்துப் போறணையைப் பார்க்க ஆள் கூப்பிட்டிருக்கிறாராம். வந்த ஆள் அதில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. படையலுக்கு அந்தப் பாண் ஒன்று போட்டுத் தருவாயோ என்றார்.

ஓம் அண்ணை என்றேன்.