முனிரத்தினத்தின் கிழட்டுப் பாட்டு

திருப்பதி பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘திருத்தணி’ என்று முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. எழுபது வயதுக்கு மேல் எழுத்து கற்றவனுக்கு ஒவ்வொரு பலகையும் பரிசுதான். அந்தச் சிரிப்போடுதான் போனை எடுத்தேன். என்னோடு தறி ஓட்டிய முனிரத்தினத்தின் மகன். “மாமா, நைனா பூட்டாரு” என்றான்.

அழுகை வரவில்லை. அதே பஸ்ஸில் ஏறி, எங்கள் ஊர் நகரி வரும்வரை எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். என்ன விளம்பரம் என்று நினைவில்லை.

அவனோடு தறிக்கொட்டகையில் நின்றவர்களுக்குத் தெரியும். விசைத்தறி ஓடும் இரைச்சலுக்கு மேலே அவன் குரல்தான் கேட்கும். வயதாக ஆக, வயதையே பாடினான்.

‘பல்லெல்லாம் போச்சு, சிரிப்பு மட்டும் இருக்கு,
கண்ணு மங்கிப் போச்சு, கண்டவ எல்லாம் அழகு,
முட்டி வலி வந்து ஊரு நீண்டு போச்சு,
ரெண்டு தெரு நடந்தா மலையேறினாப் போலாச்சு.’

நான் எழுதக் கற்றது அவன் தொல்லையால். மாலை வகுப்புக்கு இருவரும்தான் போனோம். கண்ணில் புரை விழுந்ததால் அவன் நின்றுவிட்டான். “நான் பாடுறதையெல்லாம் காத்து துன்னுது. நீ கத்துக்கினு எழுதுடா” என்றான். எழுத உட்கார்ந்தால் கேலி: “நீ ஒரு வரி எழுதறதுக்குள்ள எனக்கு இன்னொரு பல்லு வுழுந்துடும்.”

கரண்டு போனால்தான் அவன் மெல்லப் பேசுவான். அப்படித் தறிகள் நின்ற ஒரு மதியம், வேறு மூன்று அடிகளைச் சொல்லி எழுதச் சொன்னான். “ராஜம்மா காதுல வுழக்கூடாது. பயந்துக்குவா” என்றான், மனைவியை நினைத்து.

காரியத்தன்று பாட்டைப் படிக்கச் சொன்னார்கள். நான் எழுத்துக் கூட்டி ஒரு சொல் சொல்வதற்குள், சுவரோரம் உட்கார்ந்திருந்த ராஜம்மா வரியையே முடித்தாள். ‘அந்தாளு பாட்ட எவ கேட்டா’ என்று ஆயுளுக்கும் சொன்னவள். மலையேறிய வரியோடு நிறுத்தினேன். அதற்குக் கீழே இருந்ததைப் படிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“ஏண்ணா நிறுத்திட்ட? பேப்பர்ல இன்னும் கீதே” என்றாள். எழுத்து தெரியாதவளுக்கும் மை தெரிந்தது.

படித்தேன்.

‘தலமாட்டுத் தண்ணிக்குக் கை நீட்டும் நேரம்
நீ முந்திப் போயிட்டா யாரக் கூப்பிடுவேன்?
கூப்பிட்ட பேரு என் வாயிலயே கெடக்குமே.’

இந்த முறை அவளால் முடித்துத் தர முடியவில்லை.

“பயந்தாங்கொள்ளி. அதான் முந்திக்கினு ஓடிட்டான்” என்றாள். பிறகு, “இன்னொரு வாட்டி படிண்ணா. மெதுவாவே படி” என்றாள்.

எனக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து “இன்னாத்துக்கு?” என்று குரல் வந்தது. ஒன்றுமில்லை என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். முனிரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: பதில் வருகிற காலத்திலேயே கூப்பிட்டுக்கொள்வது.