ரயிலு படம் பார்க்கும் சன்னாசி

செருப்பை வாசலில் கழற்றி, இரண்டையும் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்த பிறகுதான் சன்னாசி உள்ளே வருவார். நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதில் உட்கார மாட்டார். டெலிவிஷனுக்கு எதிரே சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு, சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து உட்காருவார். "மேல இருமன், சன்னாசி" என்று வீட்டுக்காரர் ஸ்கந்தராஜா வாராவாரம் சொல்வார். "இருக்கட்டுங்க கிராணியய்யா, டயர் அழுக்கு இன்னும் போவல" என்று இவரும் வாராவாரம் சொல்வார். குளித்துத் தலைசீவி, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு வந்திருக்கிற மனிதரிடம் எந்த அழுக்கைக் கண்டுபிடிப்பது? கேட்டுக் கேட்டு ஸ்கந்தராஜாவுக்கும் பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு ரயிலு படம். ஈப்போ நகரத்தை ஒட்டிய குனோங் ராபாட்டில் மலையடிவாரத்து அந்த வரிசை வீடுகளில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அமெரிக்காவில் குதிரைக்காரர்கள் ஒன்று கூடி, மலையையும் பாலைவனத்தையும் தாண்டி, பனி விழுவதற்குள் தண்டவாளம் போட்டு முடிக்க வேண்டும். எதிர்க் கம்பெனிக்காரன் வாராவாரம் ஒரு பாலத்துக்கு வெடி வைப்பான். இவர்கள் வாராவாரம் அதைத் திரும்பக் கட்டுவார்கள். இரண்டு வருடமாகியும் ரயில் போய்ச் சேரவில்லை. விளம்பரம் போடாமல் இருந்தால் எப்போதோ சேர்ந்திருக்கும் என்பது அர்ச்சுனனின் கட்சி.

அர்ச்சுனன் பக்கத்து வீடு. ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். படத்தில் வரும் துப்பாக்கிக்காரன்தான் அவருக்கு உயிர். ஸ்கந்தராஜா அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நில அளவைக்காரனைத்தான் பிடிக்கும். "அவன் ஒரு கோடு கீறாட்டில் இவ்வளவு பேரும் எங்க போய் நிப்பினம்?" என்பார். இரண்டு பேருக்கும் இதில் வாக்குவாதம் வராத வாரம் கிடையாது. சன்னாசி எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. கதாநாயகன் முன்னால் நின்று வசனம் பேசும்போது, அவனுக்குப் பின்னால் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையைச் சுமந்து போகிறவர்களை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சிலிப்பர் கட்டைய அப்புடித் தூக்கக் கூடாதுலா" என்பார். "நாலு பேரு தூக்குனா நாலு பேரும் ஒரே கால எடுத்து வெக்கணும். அந்தா பாருங்க, முன்னால போறவன் எடது கால வெக்கிறான், பின்னால வாறவன் வலது கால வெக்கிறான். பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தன் தோள்பட்ட போயிரும்."

"அண்ணே, அது நடிப்புண்ணே" என்பார் அர்ச்சுனன்.

"நடிக்கட்டும். கட்ட நெசக் கட்டதான?"

இன்னொரு வாரம், "இத்தன பேருக்குச் சோறு எங்க ஆக்குறான்? சட்டி பானை ஒன்னையும் காட்ட மாட்றானே" என்று கேட்பார். அதற்கடுத்த வாரம் மழைக் காட்சி வந்தால், "இந்த மழையில ஒருத்தனுக்காச்சும் காச்ச கண்டுச்சா பாத்தீங்களா?" என்பார். அர்ச்சுனன் தலையில் கை வைத்துக்கொள்வார். துப்பாக்கிச் சண்டை நடக்கிற நேரத்தில் காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் எந்த ரசிகன்தான் பொறுத்துக்கொள்வான்?

படத்தில் பேசுவது ஆங்கிலம், கீழே ஓடுவது மலாய் எழுத்து. சன்னாசிக்கு அதுவும் தெரியாது, இதையும் படிக்கத் தெரியாது. ஸ்கந்தராஜாவின் மனைவி விமலாதேவி தைப்பிங்கில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஓடுகிற எழுத்தை வகுப்பில் வாசிப்பது போல உரக்க வாசிப்பார். கூடவே தமிழில் ஒரு வரி சொல்வார். சன்னாசி அவர் வாயையே பார்த்திருந்து, அந்த மலாயை அடித்தொண்டையில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். லண்டாசான் என்றால் தண்டவாளம். பூரோ என்றால் கூலியாள். இப்படி இரண்டு வருடத்தில் சேர்ந்துபோன சொற்கள் கொஞ்சமல்ல.

அதுவரை அவரிடம் இருந்தது சந்தை மலாய். மீன் வாங்கப் போதும், ஏசவும் போதும். இப்போது அவர் மலாய் பேசினால் வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. அவருக்கு வேலை கோப்பெங் சாலையில் ஒரு டயர்க்கடையில். வழுவழுவென்று தேய்ந்துபோன லாரி டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் ஒட்டுவார்கள். முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர், எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற பிறகு பட்டணத்துக்கு வந்து அதே ரப்பரோடுதான் மல்லுக்கட்டுகிறார். "ரப்பரு என்னெ உடல, நானும் அத உடல" என்பார். ஒரு நாள் மலாய்க்கார லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து டயர் எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். சன்னாசி கத்தியைக் கீழே வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, வேலை முடியும்வரை நாங்கள் ஓர் அடியும் பின்வாங்க மாட்டோம் என்று சுத்தமான மலாயில் அறிவித்துவிட்டார். ஓட்டுநர் சிரித்த சிரிப்பைக் கேட்டு உள்ளேயிருந்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சன்னாசிக்கு வெட்கமே இல்லை. "அவனுக்கு வெளங்கிச்சா இல்லியா? அது போதும்லா" என்கிறார்.

வயது ஐம்பத்து மூன்று ஆகிறது. சட்டைப்பையில் இருப்பது சிவப்பு ஐசி, சிவப்பு நிற அடையாள அட்டை. அதாவது இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் அல்ல. செமோர் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவர்தான். பிறப்புப் பத்திரம் இல்லை. எடுக்கவே இல்லையா, எடுத்து ஜப்பான்காரன் காலத்தில் தொலைத்துவிட்டார்களா என்று சொல்லப் பெற்றோர் உயிரோடு இல்லை. சிவப்பு ஐசிக்காரர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்த நாளிலிருந்து அதைப் புதுப்பிக்க அலைவதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. போன வருடம் பெர்மிட் வரத் தாமதமாகி, இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரோடு ஒரே லயத்தில் வளர்ந்த பிச்சைமுத்து, பெர்மிட் கிடைக்காமல் எழுபதாம் வருடம் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியனுப்பப் போன சன்னாசியை அன்றைக்குப் பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை. "இந்தியாவ நான் படத்துலதான் பாத்திருக்கேன். அங்க போயி யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று கேட்பார். விளையாட்டாகக் கேட்பதில்லை.

இந்த வருடம் ஒருவழியாகக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். விண்ணப்பப் பாரத்தை நிரப்பியவர் ஸ்கந்தராஜா. எப்போதாவது நாட்டை விட்டு வெளியே போனதுண்டா என்று ஒரு கேள்வி. ஸ்கந்தராஜா அதைத் தானாகவே நிரப்பப் போனபோது சன்னாசி, "சயாமுக்குப் போயிருக்கேங்க" என்றார்.

போயிருக்கிறார். பதினேழு வயதில், ஜப்பான்காரன் எஸ்டேட்டுக்குள் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஆள் பிடித்தபோது, அந்த லயத்திலிருந்து ஏழு பேர் போனார்கள். சயாம் காட்டில் ரயில் பாதை போட. திரும்பி வந்தவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். கூட வாழ்ந்து இருபத்தெட்டு வருடமான மனைவி நல்லம்மாளுக்கும் இதற்கு மேல் தெரியாது. பக்கத்தில் இருந்து கேட்ட அர்ச்சுனனுக்கு, சிலிப்பர் கட்டையும் சோற்றுப் பானையும் காய்ச்சலும் அப்போதுதான் விளங்கின. அடுத்த செவ்வாய் அவருடைய துப்பாக்கிக்காரன் ஜெயித்தபோது கை தட்டாமல் இருந்துவிட்டார்.

அன்று பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றினார். "இதைச் சொல்லப்படாது, சன்னாசி. உம்மட்டைப் பிறந்த பத்திரம் இல்லை. சயாமுக்குப் போய் வந்தனான் எண்டு சொன்னா, போனதுக்குக் கடுதாசி எங்க, வந்ததுக்குக் கடுதாசி எங்க எண்டு கேப்பினம். முதன்முதல் அங்கயிருந்துதான் வந்தவர் எண்டு எழுதிப்போட்டா நீர் என்ன செய்வீர்? 'இல்லை' எண்டு எழுதுறன். நேரிலை கேட்டாலும் 'இல்லை' எண்டே சொல்லும்."

முப்பது வருடம் மனுக்களோடு மாரடித்தவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். "சரிங்கய்யா" என்றார் சன்னாசி.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் ரயிலு படம் முடிந்ததும் அதே கூடத்தில் நேர்காணல் ஒத்திகை நடந்தது. ஸ்கந்தராஜா அதிகாரி, அர்ச்சுனன் பெயர் கூப்பிடும் பியூன். மாநிலம் எது, வேலை என்ன, கொடியில் என்ன நிறங்கள் என்று மலாயில் கேட்பார்கள். நாட்டை விட்டுப் போனதுண்டா என்று கேட்டால், "தீடாக் பெர்னா, துவான்" என்று சொல்ல வேண்டும். போனதே இல்லை, ஐயா. சன்னாசி ஒரு தடவைகூடத் தவறவில்லை. விமலாதேவி மட்டும், "அந்த ஒரு மறுமொழியை நிலத்தைப் பாத்துச் சொல்லுறியள். நிமிர்ந்து சொல்லுங்கோ" என்றார்.

போன மாதம் ஈப்போவில் நேர்காணல். பதில் இன்னும் வரவில்லை. துணைக்குப் போய்ப் பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்கந்தராஜா, அங்கே நடந்ததைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார். கோபமாகத்தான் ஆரம்பிப்பார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

தொடக்கம் சும்மா சொல்லக் கூடாது, அமர்க்களம். அதிகாரி நாற்பது வயது மலாய்க்காரர். சன்னாசியின் மலாயைக் கேட்டுவிட்டு, "பாக்சிக், இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று, பெரியவர்களைக் கூப்பிடும் முறை வைத்துக் கேட்டார். டெலிவிஷனில், ரயில் போடுகிற படத்தில் என்று இவர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் செவ்வாய்க்கிழமைக்காரர். போன வாரம் கட்டிய பாலம் தாங்குமா என்று கேட்டார். கட்டை பச்சை, தாங்காது என்றார் சன்னாசி. தாங்கும் என்றார் அதிகாரி. இரண்டு நிமிடம் இந்தப் பேச்சுத்தான். காரியம் பழம் என்று ஸ்கந்தராஜா காலை நீட்டி உட்கார்ந்தார்.

சிரித்த முகத்தோடு அதிகாரி பாரத்துக்குத் திரும்பினார். நாட்டை விட்டு எப்போதாவது வெளியே போனதுண்டா என்று, பேனாவைக் கோட்டில் ஊன்றிக்கொண்டே கேட்டார்.

தீடாக் என்ற சொல் சன்னாசியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்கந்தராஜா வீட்டுக் கூடத்தில் அது விளையாட்டு. இங்கே அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதை உறுதி செய்யப் போகிறார். கூடப் போன ஆறு பேருக்குப் புதைத்த இடம் தெரியாது. ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. அவர்கள் போனார்கள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி தான்தான். தானே போகவில்லை என்றால் அவர்களும் போகவில்லை என்றாகிவிடும்.

"பெர்னா, துவான்" என்றார். போயிருக்கிறேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. முப்பத்தாறு வருடம் தமிழில் ஒருவரிடமும் சொல்லாததை, படத்துக்குக் கீழே ஓடிய மலாயில் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் ஏழு பேர். தண்டவாளக் கூலிகள். பாலத்துக்கு மரம் சுமந்தோம். மழை நிற்கவில்லை. முதலில் சின்னையாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாங்களே குழி வெட்டினோம். அடுத்தது அவன் தம்பி. ஆறு பெயரையும் வரிசை மாறாமல் சொன்னார். ஸ்கந்தராஜா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இருமிப் பார்த்தார். சன்னாசி திரும்பவில்லை.

அதிகாரி முடியும்வரை கேட்டார். பேனாவை மேசைமேல் வைத்தார். பாரத்தைச் சன்னாசி பக்கம் திருப்பி, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"பாக்சிக், இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நான் இன்னும் உங்களைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு அதே கேள்வியைத் தணிந்த குரலில் மறுபடியும் கேட்டார்.

சன்னாசி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "பெர்னா, துவான்" என்று மறுபடியும் சொல்லி, மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மரியாதையாக, அதை அதிகாரியிடம் நீட்டினார்.