மந்திரித்த டிவிடி

காலி டிவிடி பார்த்து வாங்குவதில் என்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக நினைப்பு. ஆசிரியர் அறையில் யாராவது பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவை டிவிடியில் போட வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவருடைய மதியச் சாப்பாடு ஆறிவிடும். பையன்கள் எனக்குத் 'தட்டு சார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

மகள் புதுநன்மை வாங்கிய வருடம்தான் இந்தப் பித்து முற்றியது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய கையோடு, வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக, ராயப்பேட்டையில் இருந்த தாத்தாவிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனாள். தாத்தா என்றால் என் மாமனார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர். அன்றைக்கு மட்டும் பேத்தியின் நெற்றியில் சிலுவை போட்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு ஜெபத்தைத் தானாகவே யோசித்துச் சொன்னார். என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். அத்தனையையும் நான் கேமராவில் பிடித்தேன்.

இது மட்டும் போய்விடக் கூடாது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே மனைவி சொல்லிவிட்டாள். அவள் அப்பா இவ்வளவு நேரம் பேசி அவளே கேட்டதில்லையாம். இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா?

மூன்று சனிக்கிழமை ரிச்சி தெருவில் அலைந்தேன். ஒவ்வொரு டிஸ்கையும் வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கத்து நிறத்தைப் பார்த்து, உள்வட்டத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூன்றாவது வாரம் ஒரு கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாரி திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீற? எல்லாம் நல்ல சரக்குதான். எழுதினப்புறம் வெயிலு, சூடு படாம வச்சிக்கோ. அவ்ளோதான் மேட்டரு."

இயற்பியல் வாத்தியாருக்கே வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கடைசியில் தங்க நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நூறு வருடம் கெடாது என்று உறையில் போட்டிருந்தது. நூறு வருடம் கழித்துப் புகார் கொடுக்க எவன் வரப்போகிறான் என்கிற எளிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அதில் வீடியோவை ஏற்றிய நாளை வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை. இருப்பதிலேயே மெதுவான வேகத்தை வைத்தேன். மேசை அதிரும் என்று மிக்ஸி போட விடவில்லை, அன்றைக்கு எல்லோரும் சட்னி இல்லாமல்தான் தோசை தின்றார்கள். எதற்கும் இன்னொரு காப்பி எடுத்து வைக்கலாமே என்று மனைவி கேட்டாள். மட்டமான டிஸ்க் வாங்குகிறவர்கள்தான் இரண்டு காப்பி எடுப்பார்கள் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அதோடு விட்டேனா? கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கிறதே என்று அங்கே இருந்ததை அழித்தேன். கேமரா கேசட் வீணாகக் கிடக்கிறதே என்று அதன் மேலேயே பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவைப் பதிவு செய்தேன்.

அடுத்து, டிஸ்கை எங்கே வைப்பது? பீரோவில் பாச்சை உருண்டை நெடி. அலமாரியில் கரப்பான். யோசித்து யோசித்து, எங்கள் வீட்டிலேயே பத்திரமான இடத்தைக் கண்டுபிடித்தேன். எங்களைப் போன்ற வீடுகளில் கூடத்துச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கும். அதன் கீழே ஒரு சின்னப் பீடம், அதில் இராப்பகலாக எரியும் சிவப்பு பல்பு. ஞானஸ்நானச் சீட்டிலிருந்து ரேஷன் கார்டு வரை இழக்கக் கூடாத எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும். டிஸ்கையும் அங்கேயே வைத்தேன். வருகிறவர்கள் கண்ணில் தங்க நிறம் பட வேண்டும் என்று, கண்ணாடி போன்ற பெட்டியில் நிமிர்த்தி, பல்பை ஒட்டி வைத்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே அதன் மேல் விழுந்து தகதகவென்று மின்னும். ஜெபமாலைகளோடு சேர்த்துப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துக்கூட வாங்கினேன். இது என்ன படம் என்று சந்தேகமாக ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அவர் தீர்த்தம் தெளித்தார்.

பதினாறு வருடம் அது அங்கேயே இருந்தது. சாமி பொருள் ஆகிவிட்டதால் யாரும் தொடவில்லை, போட்டுப் பார்க்கவும் இல்லை. மாமனார் நான்கு வருடம் முன்பு தவறிவிட்டார்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண் கோயிலுக்குக் கிளம்பும்முன் வீட்டுப் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் தன் அப்பாவின் ஜெபம் ஒலிக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. சேலைகூடத் தனக்கு எதுவானாலும் சரி என்றுவிட்டாள்.

கே.கே. நகரில் இருக்கும் என் தம்பியிடம் டிஸ்க் போடுகிற வசதியுள்ள பழைய லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்தேன். பல்பைப் பார்த்த பக்கம் வெளுத்துப்போயிருந்தது. டிஸ்கில் உள்ளிருந்து வெளியே எழுதிக்கொண்டு போவார்கள், கெடும்போது பெரும்பாலும் வெளி ஓரம்தான் முதலில் கெடும், ஆகவே ஆரம்பம் தப்பித்திருக்கும் என்று அப்போதும் விளக்கினேன். மனைவியும் மகளும் என்னைப் பார்க்கவில்லை.

ஆரம்பம் தப்பித்துத்தான் இருந்தது. ராயப்பேட்டை வீட்டுக் கூடம் வந்தது. வெள்ளைச் சட்டையில் மாமனார், அவர் முன்னால் முழந்தாளிட்ட மகள். அவர் கையைத் தூக்கி, வாயைத் திறந்தார். உடனே கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் தடுத்தது. அந்த அதிகாரக் குரல் யாருடையது என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது.

"இருங்க மாமா. வெளிச்சம் சரியா வரல. நான் சொன்னதும் ஆரம்பிங்க."

அவர் தூக்கிய கையை இறக்காமல் என் பக்கம் பார்த்தார்.

"சரி மாப்ள. நீங்க சொல்லுங்க, ஆரம்பிக்கிறேன்."

படம் அங்கே நின்றது. துடைத்துப் போட்டேன், மறுபடி மறுபடி போட்டேன், கடையில் கொடுத்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது.

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா கைய தூக்கிட்டே உக்காந்திருக்காருங்க. ஆரம்பிக்கச் சொல்லுங்களேன்."

அந்த ஜெபத்தை நாமே சொல்லலாம் என்று மகள்தான் யோசனை சொன்னாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, ஒன்றும் நினைவில்லை. அழுத அழுகையில் தனக்கும் பாதிதான் காதில் விழுந்தது என்றாள் மனைவி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அழாமல், அசையாமல், அவருக்கு நேர் எதிரே நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. முழு நேரமும் நான் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.