பாட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி

போன மாதம் மகன் என்னைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனான். முதலில் கொடிகளைக் காட்டினார்கள். பிறகு பழம் பிழியும் இயந்திரம், மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறை. கடைசியில் நீள மேசை முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கு நாலு கண்ணாடிக் கோப்பை வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு வைன். விளக்கிச் சொன்ன பெண்ணுக்கு என் மருமகள் வயதிருக்கும். (எனக்கு இன்னும் மருமகள் வரவில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.) "கிளாஸைச் சுத்துங்க சார், மூக்கை உள்ள விடுங்க, என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாக்லேட் என்றார்கள், புகையிலை என்றார்கள், ஒருவர் மழையில் நனைந்த மண் என்றுகூடச் சொன்னார். என் முறை வந்தது. "பட்டாபிராம்ல எங்க வீட்டுச் சமையலறை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கைகழுவப் போகிறவன்போல எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பெண் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு மெர்சி முன்பே சொல்லிக்கொடுத்தது. மெர்சி என் மனைவி. ஆவடியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள். எங்களுடையது நெமிலிச்சேரியில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் மனையான பிறகு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் இயந்திரத்துக்கு வேலைக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரலைக் கொடுத்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அந்தக் கிளினிக்கில் போய் நின்றேன். பிடித்த கையை அவள் விடவே இல்லை என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். விரல் ஆறிய பிறகும் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தவன் நான்தான்.

மெர்சி வீட்டில் கிறிஸ்துமஸுக்கு கேக் இல்லாவிட்டாலும் வைன் இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, கரையான்சாவடியில் காதர் பாய் பழக்கடைக்குப் போவோம். பாய் அவளுக்கென்று ஒரு கூடை பன்னீர் திராட்சை எடுத்து வைத்திருப்பார். சொட்டுக்கூட வாயில் வைக்காத மனிதர், வைனுக்கு எந்தப் பழம் ஆகும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "மேல வெள்ளையா பூத்துகீது பாரு அக்கா, இத்த தேச்சுக் கழுவிடாத. அதான் வேலையே செய்யும்" என்பார். பழத்தின்மேல் சாம்பல் பூசினதுபோல ஒரு வெள்ளை இருக்குமே, அதைத்தான். பழத்தைப் புளிக்கவைப்பதே அதுதானாம். போன மாதம் தோட்டத்தில் அந்தப் பெண்ணும் இதையே சொன்னாள், கொஞ்சம் ஆங்கிலத்தில்.

பழத்தை ஈரத்துணியில் ஒற்றியெடுத்து, பீங்கான் ஜாடியில் போட்டுக் கையால் மசிக்க வேண்டும். சர்க்கரை, கொதித்து ஆறின தண்ணீர், வெதுவெதுப்பில் ஊறின ஈஸ்ட், ஒரு கை கோதுமை, கிராம்பு, பட்டை. மேலே மெல்லிய துணி கட்டி அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தால், மறுநாளே ஜாடி பேச ஆரம்பித்துவிடும். முணுமுணுவென்று, யாரோ பக்கத்து அறையில் ஜெபம் சொல்வதுபோல. இருபத்தோரு நாள், தினம் காலையில், மரக்கரண்டியால் வலப்பக்கமாகவே கிண்ட வேண்டும். ஒருநாள் தவறினாலும் மேலே மிதக்கிற தோல் காய்ந்து பூசணம் பிடித்துவிடும். இடப்பக்கம் கிண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவாது. எங்க ஊட்ல அப்டிதான்" என்றாள்.

கல்யாணமான முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். அம்மா எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன் என்ற கோபம் தணிந்து முதல் தடவை வருகிறார், வீட்டில் சாராய வாடை அடிக்கக்கூடாதே என்று, மெர்சிக்குத் தெரியாமல் துணியை அவிழ்த்துவிட்டு ஜாடி மூடியை இறுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். அதன்மேல் அம்மிக்குழவியையும் வைத்தேன். அம்மா காபியை வாயில் வைக்கிற நேரம் பார்த்துக் கயிறு அறுந்தது. மூடி ஒரு பக்கம், குழவி ஒரு பக்கம், கூரையெல்லாம் ஊதா.

"இன்னாடா இது, ஊட்டுக்குள்ள வெடி?"

"ஊறுகா, அத்தே" என்றாள் மெர்சி.

"ஊறுகா வெடிக்குமாடி? எனக்குக் காது குத்துறியா?"

மிச்சமிருந்ததில் தேறியது ஒன்றரை பாட்டில். கிறிஸ்துமஸ் அன்று அம்மா மறுபடி வந்து, "அந்த ஊறுகா கொஞ்சம் ஊத்துடி" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். கூரையில் அந்தக் கறை இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

குடிக்கத் தெரியாது எனக்கு. எஸ்டேட்டில் சம்பளத்தன்று நாங்கள் குடித்ததெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு ஊறுகாயை நக்குகிற வகை. அப்படியே இதையும் செய்தேன். மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், மருந்தா குடிக்கிற? நாக்குமேல நிக்க உடு. மொதல்ல சக்கரதான் வரும். அது போன பொறவு புளிப்பு வரும். கடசில கொட்டயோட கசப்பு லேசா வரும். அதுக்குள்ள முழுங்கிட்டன்னா இன்னாத்த கண்ட?" கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். கசப்பு வந்தது. அது பிடித்தும் போயிற்று.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் மடக்கு குடித்ததும், கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரித் துண்டில் அந்த வருஷத்து வைனைப் பற்றி எழுதி, பாட்டிலுக்கு அடியில் ஒட்டிவிடுவாள். மேலே ஒட்டினால் ஆகாதாம். படித்துவிட்டுக் குடித்தால் நாக்கு எழுத்தை நம்பிவிடுமாம். பாட்டில் காலியான பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். "கிராம்பு தூக்கல். அடுத்த தபா நாலு போதும்." "பழம் நல்ல பழம். அடுத்த தபா சக்கர கொற." எல்லாத் துண்டும் அடுத்த தபாவில்தான் முடியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நவம்பரில் ஜாடி வைத்த ஒன்பதாம் நாள் மெர்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். தினம் காலையில் நான் வீட்டுக்கு வந்து குளித்துத் துணி மாற்றிக்கொண்டு போவேன். போனதும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"கிண்டினியா?"

"கிண்டினேன்."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்தான் மெர்சி."

பொய். ஒருநாள்கூட நான் கிண்டவில்லை. சமையலறை வாசல்வரை போவேன். உள்ளே ஜாடி முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவள் இல்லாத வீட்டில் அவள் வைத்த ஜாடி மட்டும் உயிரோடு பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. மரக்கரண்டி அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். மேலே வெள்ளைப் பூசணம் ஆடைபோலப் படர்ந்திருந்தது. பின்பக்கக் கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை என்பதற்கு அப்படி ஒரு மரியாதையான வார்த்தை. நான் கடைக்குப் போய் ஒரு சிவப்பு வைன் வாங்கி, அவள் வைன் ஊற்றி வைக்கிற பழைய ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றில் மாற்றி வைத்தேன். நாலு கிராம்பு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்த புத்திசாலி நான். கிறிஸ்துமஸ் மத்தியானம் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, கோப்பையைக் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். ஒரு மடக்கு வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள்.

"நல்லா வந்துகீது" என்றாள். "நீயும் குடி."

பிளாஸ்திரி கேட்டாள். எழுதி, அவளே ஒட்டினாள். ஜனவரி இரண்டாவது வாரம் போய்விட்டாள்.

மறு நவம்பரில் பூந்தமல்லி போகிற பஸ்ஸிலிருந்து, ஏன் என்று தெரியாமலே, கரையான்சாவடியில் இறங்கினேன். காதர் பாய் கூடையை எடுத்து வைத்திருந்தார். "அக்கா இன்னா இவ்ளோ லேட்டு பண்ணிடுச்சு?" என்றார். சொன்னேன். அவர் கூடையை அப்படியே சாக்கால் மூடினார். யாருக்கும் அன்று அதை விற்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் கையால் போட்ட வைனெல்லாம் அந்த வருஷமே நான் குடித்துத் தீர்த்துவிட்டேன். மிஞ்சியது, பாதிக்குமேல் அப்படியே இருந்த அந்தக் கடை பாட்டில் ஒன்றுதான். காலியாகாததால் திருப்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் பொய்யை அவள் நம்பி எழுதியிருப்பாளே, அதைப் படிக்கத் தைரியமில்லை.

தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய அன்று பாட்டிலை எடுத்தேன். ஒரு மடக்கு வாயில் வைத்தேன், சுத்தப் புளிக்காடி. மிச்சத்தைக் கொய்யா மரத்தடியில் ஊற்றினேன். பிறகு திருப்பினேன். பிளாஸ்திரி மஞ்சளாகியிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது.

"கடை சரக்கு. பரவால்ல. அடுத்த தபா ஒழுங்கா கிண்டு."

மறுநாளே கரையான்சாவடிக்கு ஓடினேன். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே இருந்தவருக்குப் பழக்கடை எதுவும் ஞாபகமில்லை. மெயின் ரோட்டில் தள்ளுவண்டிகளில் இருப்பதெல்லாம் விதையில்லாத பச்சைத் திராட்சை. வீட்டுக்கு வந்து அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அங்கே தண்ணீர் கேன் இருக்கிறது. அவள் இறந்த மாதமே, அந்தச் சத்தம் இனி எனக்கு வேண்டாம் என்று, ஜாடியை மரக்கரண்டியோடு பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கூரைக்கும் மகன் வெள்ளையடித்துவிட்டான். காலையில் எழுந்ததும் சமையலறைக்குள் போய் நிற்கிறேன். வலப்பக்கமாகக் கிண்ட அங்கே ஒன்றும் இல்லை.