ராஜாங்கம் எழுதிய நாலு வரி மனு

ராஜாங்கத்தை எனக்குப் பிடிக்காது. கள்ளக்குறிச்சி கோர்ட் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறவன் நான். அவன் நைனார்பாளையத்துக்காரன். எட்டாவதில் ஃபெயிலாகி, மூங்கில்துறைப்பட்டில் கரும்பு லோடு ஏற்றி, இடுப்பு பிடித்துக்கொண்டதும் எனக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனாலும் கூட்டமெல்லாம் அவனிடம்தான்.

காசியம்மாள் மட்டும் என்னிடம் வருவாள். வெள்ளிமலைக்கு மேலே அவளுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் கொல்லை. பட்டா கொடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்தும் அரசு அப்பீல் போட்டது. அதோடு ஒன்பது வருஷம். அரசு வக்கீல் வரமாட்டார், வாய்தா விழும், அவள் மறுபடி மலையேறுவாள். நானும் ‘கருணை கூர்ந்து’ என்று விதவிதமாக மனு எழுதிக் கொடுத்தேன்.

சட்டமன்ற மனுக்கள் குழு ஊருக்கு வரப்போவதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தாள்.

"கோர்ட்ல இருக்கிற கேஸ அவங்க தொடமாட்டாங்கம்மா. விதி" என்றேன்.

எதிர் ஸ்டூலிலிருந்து ராஜாங்கம் கூப்பிட்டான்.

"இங்க வாம்மா. கேஸ் கெடக்கட்டும். அந்த வக்கீலு இன்னாத்துக்கு வரலன்னு கேப்போம்."

நாலே வரி எழுதினான். பதினேழு வாய்தாவுக்கு அரசு வக்கீல் வரவில்லை, அவரை யார் கேட்பது?

குழு வந்த அன்று தலைவர் அதைச் சத்தமாகப் படித்தார். வழக்கு நிலுவையில் இருப்பதாக ஓர் அதிகாரி எழுந்து சொன்னார்.

"வழக்கப் பத்தி நான் கேக்கலயே" என்ற தலைவர், அரசு தலைமை வழக்கறிஞரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்க உத்தரவிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு அரசு வக்கீல் வந்து நின்றார். இரண்டே மாதத்தில் அப்பீல் தள்ளுபடி, பட்டாவும் கைக்கு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசியம்மாள் ஒரு பை சாமை கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒம்போது வருசமா எழுதிக்கினு இருந்தீங்களேண்ணா, நீங்க ஏன் இதக் கேக்கல?"

"விதிம்மா" என்றேன் மறுபடியும்.

பொய். அந்தக் கேள்வி ஐந்தாவது வாய்தாவிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் எனக்குப் பாதி வேலை அனுப்புவது அந்த வக்கீலின் குமாஸ்தா. பிழைப்பு போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ராஜாங்கத்துக்கும் அந்தக் குமாஸ்தாதான் வேலை அனுப்பிக்கொண்டிருந்தார், இப்போது நிறுத்திவிட்டார். இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் அவன் எழுதினான். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.