நேராக்கிய பக்கம்

இசையமைப்பாளர்கள் கையால் எழுதித் தரும் இசைக்குறிப்பைக் கணினியில் ஏற்றி அச்சுக்குத் தயாராக்குவது என் வீட்டுக்காரருக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே முதுகுவலி. சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்கள் மேல்வரியிலும் கீழ்வரியிலும் நேருக்கு நேர் நிற்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ஒரு பெரியவரின் புதுப் படைப்பு வந்தது. கடைசிப் பக்கம் முழுக்க வயலினுக்குக் கீழே புல்லாங்குழலின் சுரங்கள் மயிரிழை தள்ளியே நின்றன. "பாவம், வயசாயிடுச்சு, கை நடுங்குது" என்றார் இவர். பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து அத்தனையையும் நேராக்கினார்.

கச்சேரிக்கு மறுநாள் பெரியவர் போன் செய்தார்.

"நல்லா வாசிச்சாங்க தம்பி. ஆனா அந்தக் குழல் கடைசிவரைக்கும் வயலினோட சேரவே கூடாது. அதுக்காகத்தான் மொத்தத்தையும் எழுதினேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து இவர் அலமாரி முன்னால் உட்கார்ந்து, தான் அச்சாக்கிய பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதுல எத்தனைய நேராக்கிக் கெடுத்தேன்னு தெரியலையே."

ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கையெழுத்துப் பிரதிகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. புத்தகத்தில் எல்லாப் பக்கமும் அப்பழுக்கில்லாமல் நேராக இருக்கிறது.